மூடுவதற்குமுன் ரிங் இடைவெளியைப் பாருங்கள்

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் அக்கா மகன் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கினான். 1098 சிசி எஞ்சின். வயது அவனைப்போல் இரண்டு மடங்கு. வாங்கிய மூன்றாவது வாரமே சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் பின்னால் நீலப் புகை. "ரிங் மாற்றினால் சரியாகிவிடுமாம் மாமா. பெட்டிகூட வாங்கிவிட்டேன்" என்று படம் எடுத்து அனுப்பினான். படத்தில் ஸ்டாண்டர்டு அளவு, அதாவது கடைந்து பெரிதாக்காத சிலிண்டருக்கான ரிங் தொகுப்பு, நான்கு சிலிண்டருக்கும். எஞ்சினை இன்னும் திறக்கவே இல்லை. உள்ளே என்ன அளவு இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணத்துக்குச் சட்டை தைத்தாயிற்று, மாப்பிள்ளையை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்ற கதைதான்.

அந்தப் பெட்டி வீண்போகவில்லை. அது எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பழைய எஞ்சினை முதல்முறை பிரிப்பவர்கள் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் உலோக வளையமான ரிங்கின் இடைவெளியை எப்படி அளப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதை அவனோடு செய்த வேலையை வைத்தே எழுதுகிறேன். எண்கள் மோரிஸ் மைனருக்கு உரியவை. உங்களுடையது டட்சன் 1200, டொயோட்டா கரோலா என்று எதுவாக இருந்தாலும் முறை இதுவே. எண்களுக்கு உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பாருங்கள்.

இடம் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கார்நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைக்க முடியாது. அதற்கு அனுமதி கிடையாது. நாங்கள் காக்கி புக்கிட்டில் நண்பர் ஒருவரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். மேசை, நல்ல வைஸ், வெளிச்சம், சுடுதண்ணீர் கிடைக்கும் குழாய், இந்த நான்கும் உள்ள எந்த மூலையும் போதும்.

எதற்காக அந்த இடைவெளி?

ரிங் ஒரு முழு வட்டமல்ல. ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வட்டம். சிலிண்டருக்கு வெளியே இருக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். உள்ளே தள்ளினால் சுருங்கி, சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும். அப்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே மிஞ்சும் சந்தினைத்தான் ரிங் இடைவெளி என்கிறோம். பிஸ்டனில் மாட்டியபின் அதை அளக்க முடியாது, வெளியே வைத்தும் அளக்க முடியாது. எந்தச் சிலிண்டரில் ஓடப்போகிறதோ அந்தச் சிலிண்டருக்குள் வெறும் ரிங்கை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ரிங் சிலிண்டர் சுவரைவிட அதிகமாகச் சூடாகும். இரண்டுமே வார்ப்பிரும்பு என்பதால் சேர்ந்து சூடாகும்வரை சேர்ந்தே விரியும். ரிங் கூடுதலாகச் சூடாகும் அளவுக்குத்தான் இடைவெளி சுருங்கும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 65 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் சுற்றளவு 204 மி.மீ. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு நீளும். ரிங் சுவரைவிட 100 டிகிரி அதிகம் சூடானால் 204 மி.மீ. நீளத்துக்கு 0.22 மி.மீ. நீட்சி. மோரிஸ் மைனரின் கையேடு சொல்லும் இடைவெளி 7 முதல் 12 தௌ, அதாவது 0.18 முதல் 0.30 மி.மீ. எங்கிருந்து அந்த எண் வந்தது என்பது இப்போது புரியும்.

தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. பிரிட்டிஷ் வண்டிகளைத் தொட்டால் இந்த அளவு உங்களை விடாது. பழகிக்கொள்ளுங்கள்.

கையேடு கிடைக்காத எஞ்சினுக்கு ஒரு பொது விதி உண்டு. டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில், பிஸ்டனில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ரிங்குகளில் மேல் ரிங்குக்கு, சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. 65 மி.மீ. என்றால் 0.26 மி.மீ. டர்போ உள்ளதற்கு ஆயிரத்தில் ஐந்து, ஆறு வரை போகும். அங்கே சூடு அதிகம். நான் செம்பவாங்கில் கப்பல் எஞ்சின்களோடு பல வருடம் கிடந்தவன். அங்கே ரிங்கை ஹூலா வளையம்போல் இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அளக்கும் காரணம் மட்டும் மாறவே இல்லை.

இடைவெளி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? இரண்டும் ஒரே அளவு குற்றமல்ல. குறைந்தால், சூட்டில் முனைகள் ஒன்றோடொன்று முட்டும். அதற்குப்பின் நீள இடமில்லாத ரிங் சுவரை ஆப்பு அடித்ததுபோல் அழுத்தும். சுவரில் கீறல் விழும், ரிங் உடையும், சில நேரம் ரிங்குக்கு மேலே உள்ள பிஸ்டன் விளிம்பையே பெயர்த்துக்கொண்டு போகும். இவ்வளவும் ஒரே பயணத்தில் நடந்துவிடலாம்.

கூடினால் கொஞ்சம் வாயு கீழே கசியும், அவ்வளவுதான். அந்தக் கசிவும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. ரிங்கின் முனைகளுக்கு நடுவே உள்ள சந்து முழுவதும் திறந்த வழியல்ல. பிஸ்டன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய கீற்று மட்டுமே வழி. அது 0.25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 0.10 மி.மீ. கூடுவதால் திறக்கும் துளை 0.025 சதுர மி.மீ. சாதாரணத் தையல் ஊசியின் குறுக்குவெட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆகவே சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கம் சாயுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேர்மாறாக நினைக்கிறார்கள்: இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு இறுக்கம், அவ்வளவு சக்தி என்று.

திறப்பதற்குமுன்

நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அது ரிங் வழியாகத்தான் போகிறது என்று பொருளல்ல. வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்தாலும் போகும். வேகம் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆக்சிலரேட்டரை விட்டு, சிறிது தூரம் உருண்டபின் மறுபடி அழுத்தும்போது குப்பென்று புகைத்தால் வால்வு கைடு மேல் சந்தேகம். சுமையோடு ஏறும்போது தொடர்ந்து புகைத்தால் ரிங் மேல்.

உறுதிப்படுத்த கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த எண்கள், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில், 125, 80, 118, 122. இரண்டாம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தோம். 80 என்பது 115 ஆனது. எண்ணெய் ரிங்கைச் சுற்றிச் சற்று நேரம் அடைத்துக்கொண்டதால் ஏறியது. ஏறாமல் 80 இலேயே நின்றிருந்தால் வால்வைப் பார்த்திருப்போம், எஞ்சினைக் கீழே இறக்கியிருக்க மாட்டோம். பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் இரண்டு மாதம் போகும்.

எஞ்சினை இறக்குவது, ஹெட்டைக் கழற்றுவது, பிஸ்டனை மேல்வழியாக எடுப்பது எல்லாம் கையேட்டில் தெளிவாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அப்போதே குறித்துவிடுங்கள். நாளைக்கு நினைவிருக்கும் என்று இன்றைக்குத் தோன்றும். இருக்காது.

ரிங்கே அளவுகோல்

அக்கா மகன் அவசரப்பட்டு வாங்கிய பெட்டிக்கு இப்போது வேலை வந்தது. சிலிண்டர் தேய்மானத்தைத் துல்லியமாக அளக்க டயல் உள்ள போர் கேஜ் வேண்டும். வாங்கினால் விலை, இரவல் கேட்டால் தயக்கம். ஆனால் ஒரு புது ரிங்கும் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஃபீலர் கேஜும் (வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய தகடுகளின் தொகுப்பு) இருந்தால் தேய்மானத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஜாலான் புசார் பக்கம் மீதமிருக்கும் பழைய ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கினால் மில்லிமீட்டரும் தௌவும் இரண்டும் பொறித்த ஃபீலர் கேஜ் கிடைக்கும். அதையே வாங்குங்கள். அந்தத் தெருக்களில் பல கடைகள் இப்போது காப்பி விற்கின்றன. போர்டில் மட்டும் ஹார்டுவேர் என்று இருக்கும். ஏமாந்து உள்ளே போனால் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

வட்டத்தின் விட்டம் ஒரு மி.மீ. கூடினால் சுற்றளவு 3.14 மி.மீ. கூடும். ரிங்கின் நீளம் மாறாதது. ஆகவே கூடிய சுற்றளவு முழுவதும் இடைவெளியில் வந்து சேரும். சிலிண்டரின் அடிப்பகுதியில் ரிங் ஓடாத இடம் தேயாமல் இருக்கும். மேலே, ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே தேய்மானம் அதிகம். இரண்டு இடத்திலும் அதே ரிங்கை வைத்து இடைவெளியை அளந்து, வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும்.

எங்கள் முதல் சிலிண்டரில் அடியில் 0.28, மேலே 0.62. வித்தியாசம் 0.34, வகுத்தால் 0.11 மி.மீ. அதாவது நான்கு தௌவுக்குச் சற்று மேல். இதுவரை உள்ள தேய்மானத்தை, ஹோன் போட்டு, அதாவது சுவரைக் கல்லால் இலேசாகத் தேய்த்து, புது ரிங் மாட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் சிலிண்டரில் அடியில் 0.30, மேலே 0.90. வகுத்தால் 0.19 மி.மீ., ஏழரை தௌ. இதில் புது ரிங் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ரிங் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, சில ஆயிரம் கிலோமீட்டரில் களைத்துவிடும்.

"இரண்டாவதை மட்டும் ரீபோர் செய்தால் போதாதா?" என்று கேட்டான். ரீபோர் என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. போதாது. நான்கு பிஸ்டனும் ஒரே எடையில், ஒரே அளவில் இருப்பதே நல்லது. நான்கையும் 20 தௌ பெரிதாக்கக் கொடுத்தோம். புது பிஸ்டன், அதற்குரிய ரிங். சிலிண்டர் விட்டம் 64.58 இலிருந்து 65.09 மி.மீ. ஆயிற்று.

சிலர் வேறொரு குறுக்குவழி சொல்வார்கள்: ரீபோர் செய்யாமலே பெரிய அளவு ரிங்கை வாங்கி, முனைகளை அரத்தால் தேய்த்துத் தேய்ந்த சிலிண்டரில் பொருத்திவிடலாம் என்று. வேண்டாம். ரிங் எந்த விட்டத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த விட்டத்தில்தான் வட்டமாக உட்காரும். சிறிய சிலிண்டரில் அமுக்கினால் சில இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அளக்கும் முறை

ரீபோர் ஆகி வந்த எஞ்சின் பிளாக்கைக் கண்ணால் பார்த்தால் பளபளவென்று இருக்கும். அதை அழுக்கு என்றே நினையுங்கள். ஹோன் கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதை இடம் மாற்றுமே தவிர வெளியேற்றாது. சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நல்ல பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். எங்களுக்கு ஐந்தாவது முறைதான் வந்தது. துடைத்த கையோடு எண்ணெய் தடவிவிடுங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் காய்ந்த வார்ப்பிரும்பை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது சுவரில் தேன் நிறத்தில் துரு படர்ந்திருக்கும். இதை அவன் நம்பவில்லை. நான்காம் சிலிண்டரை நம்பிக்கைக்காக விட்டு வைத்தோம், மறுபடி கழுவினான்.

இப்போது அளவு. எண்ணெயைத் துடைத்துவிட்டு, ரிங்கை இரு விரலால் இலேசாகச் சுருக்கிச் சிலிண்டருக்குள் விடுங்கள். அது கோணலாகத்தான் இருக்கும். ரிங் மாட்டாத பிஸ்டன் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தலையால் ரிங்கை மெதுவாகக் கீழே தள்ளுங்கள். பிஸ்டனின் தட்டையான தலை ரிங்கை நேராக்கிவிடும். புதிதாக ரீபோர் செய்த சிலிண்டரில் மேலிருந்து ஓர் அங்குலம் கீழே போதும். தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போடுகிறீர்கள் என்றால் ரிங் ஓடும் பாதையின் அடியில் வைத்து அளக்க வேண்டும். அங்கேதான் சிலிண்டர் மிகக் குறுகல். மேலே வைத்துப் பார்த்துச் சரி என்று மாட்டினால், கீழே வரும்போது முனைகள் முட்டும்.

அடுத்து ஃபீலர் கேஜ். 0.20 தகட்டை நுழையுங்கள். தடையில்லாமல் போனால் 0.25. அதுவும் போனால் 0.30. போகிற தகடு எது, போகாத தகடு எது என்று இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் அளவு கிடைத்ததாகக் கணக்கு. சரியான தகடு, வெண்ணெய் தடவிய கத்தியை உறையில் இழுப்பதுபோல் மெல்லிய உரசலோடு போய் வரும். கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்போல் இருக்கிறதே என்று அழுத்தாதீர்கள். ரிங் ஒரு ஸ்பிரிங், அழுத்தினால் திறந்து கொடுக்கும், பொய் சொல்லும். இது மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் அகாக்-அகாக் என்று உத்தேசமாக முடிக்கிற வேலையல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழிதான் இதற்குச் சரியான மேற்பார்வையாளர்.

அளக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பிளாக்கின் அடியிலிருந்து கைவிளக்கை மேல்நோக்கிப் பிடியுங்கள். ரிங்கின் வெளி விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே எங்காவது பிறைபோல் வெளிச்சம் தெரிந்தால், ஒன்று சிலிண்டர் வட்டமாக இல்லை, அல்லது ரிங் சரியில்லை. இடைவெளியில் மட்டுமே வெளிச்சம் வர வேண்டும்.

எங்களுக்கு மேல் ரிங் நான்கும் கொடுத்த அளவுகள் 0.23, 0.20, 0.13, 0.25. ஒரே பெட்டி, ஒரே நாள் ரீபோர். மூன்றாவதை அளந்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். 0.13 என்பது ஐந்து தௌ. அப்படியே மாட்டியிருந்தால் முதல் நீண்ட ஓட்டத்தில் முட்டியிருக்கும். அளந்த ஒவ்வொரு ரிங்கையும் தனி உறையில் போட்டு, சிலிண்டர் எண்ணும் அளவும் எழுதுங்கள். பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் பழைய சிவப்பு உறைகள் எங்கள் வீட்டில் நிறைய இருந்தன, அவை பயன்பட்டன.

அரம் பிடிப்பது

மூன்றாம் சிலிண்டரின் மேல் ரிங்கில் 0.10 மி.மீ. எடுக்க வேண்டும். கையால் சுற்றும் ரிங் ஃபைலர் என்ற சிறு கருவி கிடைக்கும். எங்களிடம் இல்லை. நுண்ணிய பல் உள்ள தட்டை அரத்தை வைஸில் அசையாமல் பிடித்து, ரிங்கைத்தான் அதன்மேல் நகர்த்தினோம்.

ஒரு முனையை மட்டும் தேயுங்கள். மறுமுனை ஆலையிலிருந்து வந்தபடி நேராக இருக்கட்டும். அதுவே உங்களுக்கு ஒப்பீடு. ரிங்கின் வெளிப்பக்கத்தில் குரோம் அல்லது மாலிப்டினம் பூச்சு இருக்கலாம். அரம் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் நோக்கியே ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் பூச்சின் விளிம்பு சில்லாகப் பெயரும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில் சிலிண்டர் சுவரைக் கீறும்.

ஐந்து இழுப்பு, ஒரு அளவு. மறுபடி ஐந்து இழுப்பு, ஒரு அளவு. ஒவ்வொரு முறையும் பொடியைத் துடைத்து, உள்ளே விட்டு, பிஸ்டனால் நேராக்கி, தகடு செருகி. மூன்றாவது சுற்றிலேயே பொறுமை போய்விடும். "இன்னும் இருபது இழுத்துவிடட்டுமா மாமா?" என்றான். இழு, ஆனால் தேய்த்ததைத் திருப்பி ஒட்ட அரம் இல்லை என்றேன். பத்தாவது சுற்றில் 0.23 வந்தது. கடைசியில் இரு முனைகளையும் விரலால் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் திறந்திருந்தது. முனை கோணல். இன்னும் நான்கு இழுப்பு, சாய்வைச் சரிசெய்து. முடிவில் 0.25. பிறகு எண்ணெய்க் கல்லால் முனையின் கூர்மையை மட்டும் ஒருமுறை தடவிவிட வேண்டும். நகத்தால் வருடினால் பிடிக்கக் கூடாது.

ஒவ்வொரு பிஸ்டனிலும் மேலிருந்து இரண்டாம், மூன்றாம் ரிங்குகளுக்கும் இதே கதைதான். கையேடு எல்லாவற்றுக்கும் ஒரே அளவைச் சொன்னாலும், இரண்டாவதை மேலதைவிடச் சற்றுத் தாராளமாக விடுவது என் வழக்கம். மேல் ரிங்கைத் தாண்டி வந்த வாயு இரண்டுக்கும் நடுவே தேங்கினால் மேல் ரிங்கைக் கீழிருந்து தூக்கும்; அது வெளியேற வழி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே, சுவரிலுள்ள எண்ணெயை வழிக்கும் எண்ணெய் ரிங் மூன்று துண்டாக வந்தால், மெல்லிய தகடுகள் இரண்டையும் மட்டும் அளந்தால் போதும், குறைந்தது 0.38 மி.மீ. அதிகம் இருந்தாலும் கவலை இல்லை. நடுவில் இருக்கும் நெளிந்த ஸ்பிரிங்கை அரத்தால் தொடவே கூடாது. அதன் முனைகள் முட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது.

நான் செய்த தவறு

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு இருபத்தைந்து வயதில் இதேபோன்ற எஞ்சின் ஒன்றை முதன்முதலில் தனியாகக் கட்டினேன். 20 தௌ ரீபோர். கடையில் வாங்கிய பெட்டியின்மேல் 20 என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது ஸ்டாண்டர்டு அளவு. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் அளக்கவில்லை, பெட்டி படிக்கத் தெரிந்த எனக்கு ஃபீலர் கேஜ் எதற்கு என்ற நினைப்பு. மாட்டி, மூடி, ஓட்டினேன். முன்பைவிட மோசமாகப் புகைத்தது. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றினேன். ஒரு மாதம் கழித்து வேறு வழியில்லாமல் பிரித்து, ரிங்கைச் சிலிண்டரில் வைத்துப் பார்த்தேன். 20 தௌ என்பது 0.508 மி.மீ.; 3.14 ஆல் பெருக்கினால் 1.6. இருக்க வேண்டிய கால் மில்லிமீட்டரோடு சேர்த்து 1.8 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்திருந்தது. இன்றைக்கென்றால் பேருந்தில் தட்டும் ஈஸி-லிங்க் அட்டைகள் இரண்டைச் சேர்த்துச் செருகலாம். ஒரே ஒரு ரிங்கை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் தகடுகூடத் தேவைப்பட்டிருக்காது, கண்ணே சொல்லியிருக்கும்.

மாட்டுவது

ரிங் பள்ளத்தில் ரிங் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பாருங்கள். ஒன்றரை முதல் மூன்றரை தௌ வரை சரி. புது பிஸ்டனில் பெரும்பாலும் தொல்லை இராது. பழைய பிஸ்டனையே போடுவதானால் பள்ளத்தில் இறுகிய கரியை உடைந்த ரிங் துண்டால் சுரண்டலாம். கரியோடு அலுமினியத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடாதீர்கள்.

கீழிருந்து மேலாக மாட்டுங்கள், எண்ணெய் ரிங் முதலில். ரிங்கைப் பிஸ்டனைச் சுற்றித் திருகி ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். இடுக்கிபோல் விரிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், தேவைக்கு மேல் ஒரு இழைகூட விரிக்காதீர்கள். வார்ப்பிரும்பு, முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். ரிங்கின் ஒரு பக்கத்தில் புள்ளியோ எழுத்தோ இருந்தால் அந்தப் பக்கம் மேலே. மைனரின் இரண்டாவதும் மூன்றாவதும் சரிவுள்ளவை. கவிழ்த்து மாட்டினால் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும்.

இடைவெளிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் பிஸ்டனைச் சுற்றிப் பரவியிருக்கட்டும். இதற்குப் பாகைமானி வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ரிங்குகள் ஓடும்போது தாமாகவே சுழலும். நீங்கள் வைத்த இடத்தில் மறுநாள் இருக்காது. தொடக்கத்தில் நேர்க்கோட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணெய் தாராளமாக ஊற்றி, ரிங் கம்ப்ரெஸரால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் பிஸ்டனைத் தட்டி இறக்குங்கள். சீராக இறங்கும். எங்காவது நின்றால் நீங்களும் நில்லுங்கள்: ஏதோ ஒரு ரிங் கருவிக்கும் பிளாக்குக்கும் நடுவே வெளியே குதித்திருக்கிறது. இன்னொரு தட்டு தட்டினால் ரிங் உடையும், இத்தனை நாள் அளந்ததெல்லாம் போகும். வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். எங்களுக்கு இரண்டாம் பிஸ்டன் மூன்று முறை வெளியே வந்தது.

ஓட்டிப் பழக்குவது

புது ரிங் சுவரோடு படிவது முதல் சில நூறு கிலோமீட்டரில் நடக்கும் வேலை. அதற்குச் சுமை வேண்டும். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் ரிங் படியாது, சுவர் மழுங்கிப்போகும்; சிங்கப்பூரில் நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சட்டப்படியும் குற்றம். ஸ்டார்ட் ஆனதும் கசிவு இருக்கிறதா, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுச் சாலைக்குப் போய்விடுங்கள். மேல் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 70 வரை நன்றாக அழுத்தி ஏற்றுங்கள், பிறகு ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாகக் குறைய விடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை. ஏற்றும்போது வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்தும், விடும்போது உறிஞ்சப்படும் எண்ணெய் பொடியைக் கழுவும். சாதாரண மினரல் எண்ணெய், 20டபிள்யூ-50 போதும். விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் இப்போது வேண்டாம்.

எங்களுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. 35 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தனித் திட்டத்தில் பதிவான கார் அது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். தீவு விரைவுச்சாலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுமார் 43 கிலோமீட்டர். 800 கிலோமீட்டர் பழக்க வேண்டுமென்றால் சாங்கி முனையிலிருந்து துவாஸுக்கும் திரும்பவும் ஒன்பது பத்து முறை. ஒரு நாளுக்கு இரண்டு சுற்று என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். லாரிகள் இல்லாத காலை நேரம். முதல் 300 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றிவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினோம்.

ஐந்தாவது ஞாயிறு மாலை கம்ப்ரெஷன் பார்த்தோம். 152, 150, 155, 151. அதிகம் வந்தது அரம் பட்ட மூன்றாவதில். அவன் அந்த எண்களை இடைவெளி அளவுகளுக்குப் பக்கத்திலேயே உறைகளில் எழுதி, கையேட்டுக்குள் செருகி வைத்தான். ஸ்டாண்டர்டு ரிங் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு ரிங் என் நண்பரின் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது, பக்கத்தில் ஃபீலர் கேஜோடு. 1098 எஞ்சினோடு யார் வந்தாலும் முதலில் அதை எடுத்துத்தான் சிலிண்டருக்குள் விடுகிறோம்.